கப்பி, கம்பி, நைனாவின் கை

எண்ணெய் வற்றிய கப்பி சுழலும்போது "கிறீச்" என்று ஒரு சத்தம் வருமே, எங்கள் வீட்டில் ஒவ்வொரு பாட்டும் அந்தச் சத்தத்தோடுதான் தொடங்கும். முதலில் கிறீச், அடுத்து சுவரோரமாகக் கம்பி நகரும் உரசல், அதற்குப் பிறகுதான் நாகசுரமோ செய்தியோ விவசாயிகளுக்கான பேச்சோ, எதுவானாலும் சன்னமாகத் தொடங்கி வளர்ந்து முன்னறையை நிறைக்கும். ரேடியோ என்றால் மற்றவர்களுக்குப் பாட்டு நினைவுக்கு வரும். எனக்குக் கப்பிக்குப் போட்ட தேங்காய் எண்ணெயின் சிக்கு வாடை வருகிறது, கூடவே ஆறாத புண்ணுக்குத் தடவிய மருந்தின் வாடையும்.

ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் ராயபுரத்தில், ரயில் நிலையத்துக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு சந்தில், முன்னறை ஒன்றும் உள்ளறை ஒன்றுமாக இருந்த ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அப்பாவை நான் "நைனா" என்றுதான் கூப்பிடுவேன். அவர் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்கும் அந்த இயந்திரத்தின் பிடியைப் பிடித்துப் பிடித்தே அவருடைய உள்ளங்கை செருப்புத் தோலாகக் காய்த்திருந்தது. "சரக்கு அந்தரத்துல இருக்கறப்போ கைய எடுக்கக் கூடாது" என்பது அவருடைய ஓயாத பேச்சு. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார், சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடமும் சொல்வார், எனக்கு அதில் என்ன புரியும் என்ற கவலையெல்லாம் அவருக்கு இல்லை. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவர் கீழே இறங்கி நடந்துகொண்டிருந்தபோது, பக்கத்து வின்ச்சில் இருந்தவன் பீடி பற்றவைக்க ஒரு கணம் கையை எடுத்தான். மேலே தொங்கிக்கொண்டிருந்த மூட்டைகள் நைனாவின் முதுகில் இறங்கின. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி அன்றோடு போயிற்று. ஆயுசு முழுக்கக் கையை எடுக்காமல் வேலை செய்தவருக்கு, கையை எடுத்தவனால் வந்த கேடு இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நஷ்டஈடு என்று ஏதோ கிடைத்ததில் அவர் முதலில் வாங்கச் சொன்னது ஒரு ரேடியோ. "அரிசிப் பான காலியா கீது, இவுருக்குப் பாட்டுப் பொட்டி கேக்குது" என்று அம்மா சந்துக்கே கேட்கும்படி கத்தினாள்; கத்திவிட்டு வாங்கவும் செய்தாள். மரப்பெட்டி, முகத்தில் துணி போர்த்தியது, கீழே மஞ்சள் விளக்கு எரியும் கண்ணாடிப் பட்டை. கரண்டு முன்னறையில் மட்டும்தான் இருந்தது, கூரையிலிருந்து இறங்கிய ஏரியல் கம்பியும் அங்கேதான் வந்தது, ஆகையால் பெட்டி முன்னறையிலும் நைனா உள்ளறையிலுமாக இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் கதவில்லாத நிலை, அதில் அம்மா தைத்துத் தொங்கவிட்ட கோணித் திரை. கிடங்குகளில் கிழிந்துபோகும் கோணிகளைத் தைத்துக் கொடுப்பதுதான் அப்போது எங்கள் பிழைப்பு.

முதலில் கொஞ்ச நாள் நான்தான் ரேடியோவின் குமிழைத் திருகுகிறவள். "பாப்பா, சத்தம் ஏத்து", "பாப்பா, கொறை", "பாப்பா, போதும்." நான் பள்ளிக்கூடம் போய்விட்டால் அம்மாவைக் கூப்பிட வேண்டும், அம்மா குழாயடிக்குப் போயிருந்தால் பிடிக்காத பேச்சையும் முழுக்கக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர், புரண்டு படுக்க ஒரு கை, மலஜலத்துக்கு ஒரு பாத்திரம் என்று எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு வாய் கூசிப்போன மனிதர் அவர். ஒரு சாயங்காலம் அம்மா, கையில் இருந்த கோணியை விட்டு எழ மாட்டாமல், "சும்மா சும்மா கூப்டாத, இன்னா பேஜாரு இது" என்று சொல்லிவிட்டாள். அதோடு நைனா ரேடியோ கேட்பதை விட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. அவர் கொஞ்சம் கொஞ்சமாக எங்களை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார் என்பது சிறுபிள்ளையான எனக்கே தெரிந்தது.

இதைப் பொறுக்கமாட்டாமல் போனவர் என் சித்தப்பா. நைனாவின் தம்பி, பெயர் தேவராசு, கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தார். ரயில்வேயில் கைகாட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கேபினில் ஒருவர் நெம்புகோலை இழுத்தால், தண்டவாளத்தோரம் கப்பிகளின் மேல் ஓடும் கம்பி வழியாகத் தொலைவில் நிற்கும் கைகாட்டி இறங்கும் அல்லவா, அந்தக் கம்பிகளை முறுக்குவதும் கப்பிகளுக்கு எண்ணெய் விடுவதும் அவர் தொழில். "அம்மாந்தூரத்துல கீற கைகாட்டியே எறங்குது அண்ணாத்தே, பக்கத்து ரூம்புல கீற பொட்டி கேக்காதா?" என்றார். மூர் மார்க்கெட்டின் பழைய இரும்புக் கடைகளில் சின்னக் கப்பிகளாகப் பார்த்துப் பொறுக்கி வந்தார். ரேடியோவின் சத்தக் குமிழில் ஒரு மரச்சக்கரத்தைப் பொருத்தி, அதில் மெல்லிய இரும்புக் கம்பியைச் சுற்றி, சுவரோரக் கப்பிகளின் மேல் ஓட்டி, நிலைக்கு மேலே ஏற்றி, கட்டிலோரம் நட்ட ஒரு மரப்பிடியில் கொண்டுவந்து முடித்தார். சக்கரத்தின் மறுபக்கம் மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டார். பிடியை இழுத்தால் சத்தம் ஏறும். விட்டால் ஈயத்தின் கனமே குமிழைத் திருப்பிச் சத்தத்தை ஒடுக்கிவிடும். பெட்டி அணையாது, மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கைகாட்டியும் அப்படித்தானாம்: கம்பி அறுந்தால் அதன் கனமே அதை "நில்" என்ற நிலைக்குத் தள்ளிவிடும், வருகிற வண்டி நின்றுவிடும், யாருக்கும் சேதம் இருக்காது.

பிடியை இழுத்த இடத்திலேயே மாட்டி வைக்க ஒரு கொக்கியும் அடித்திருந்தார். நைனா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத்தப் புடுங்கிடு" என்றார்.

"கை நோவும் அண்ணாத்தே. பாட்டு முடியறவரைக்கும் புட்சிகினே இருப்பியா?"

"புட்சிகினு இருக்கேன். எனக்கு வேற இன்னா வேல கீது?"

சித்தப்பா கொக்கியைப் பிடுங்கினார். நைனா பிடியை இழுத்தார், கப்பி கிறீச்சிட்டது, முன்னறையில் யாரோ ஒரு பெண் பாடினாள். கண்ணை மூடிக்கொண்டு, இழுத்த பிடியைச் சற்றே தளர்த்தி, மறுபடி இழுத்து, சத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். விபத்துக்குப் பிறகு அவர் யாரையும் கேட்காமல் செய்த முதல் காரியம் அது. அம்மா அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவர் எந்தப் பாட்டையும் பாதியில் விட்டதில்லை. பிடிக்காத பாட்டானாலும் கடைசிவரை கொண்டுபோய், மூட்டையைத் தரையில் வைக்கிறாற்போல மெல்லத் தளர்த்தி இறக்குவார். "வின்ச்சுக்காரரு வேலையில கீறாரு" என்று சந்தில் போகிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அது அவர் காதில் விழும், அவருக்குப் பிடிக்கவும் பிடிக்கும். ஆனால் அந்த நேரத்தில் திரையை விலக்கிக்கொண்டு யாரும் உள்ளே வரக் கூடாது என்பது கட்டளை. படுக்கைப் புண்ணும் துணியுமாகக் கிடக்கிற கோலத்தை யாரும் பார்க்க வேண்டாம், வேலையின் சத்தத்தைக் கேட்டால் போதும். நாங்களும் அப்படியே பழகினோம். பாட்டு ஓடினால் நைனா நன்றாக இருக்கிறார், அவ்வளவுதான்.

கடல் காற்று இரும்பை விட்டுவைக்குமா? அடிக்கடி எங்காவது துருப்பிடித்துக் கம்பி அறுந்துபோகும். பாதிப் பாட்டில் சத்தம் ஒடுங்கும், விளக்கு எரிந்துகொண்டிருக்கும், உள்ளேயிருந்து "தேவராசு, கம்பி!" என்று குரல் வரும். சித்தப்பா குறடை எடுத்துக்கொண்டு ரேடியோப் பக்கத்திலிருந்து தொடங்குவார். ரயில்வேயில் அவர்கள் வேலை முறை அது. கைகாட்டி மரத்தடியில் ஆரம்பித்து, ஒரு கப்பியையும் தாண்டாமல், கம்பியைக் கையால் தடவிக்கொண்டே கேபினை நோக்கி வர வேண்டும். அறுந்த இடத்தை முடிந்துவிட்டு, "இழு அண்ணாத்தே" என்பார். அப்போது என்ன ஓடுகிறதோ அது மறுபடி வளரும்.

அந்த வருஷத்து மழையில் உள்ளறைச் சுவர் முழுக்க ஓதம் ஏறியது. நைனாவின் முதுகுப் புண் பெரிதாகிக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா கெஞ்சினாள். "அங்க போயி எவன் கையப் பாத்துகினு கெடக்கறது? வூட்லயே கீறேன்" என்று மறுத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார், அம்மாவும் பொறுமையிழந்து திட்டிவிட்டாள். பிறகு மத்தியானம் வாக்கில் கப்பி கிறீச்சிட்டது. அம்மா ஊசியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள், கோபம் தணிந்துவிட்டது என்று. பாட்டு கொஞ்ச நேரம் ஓடியது. பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் சத்தம் தேய்ந்து ஒடுங்கிற்று.

"கம்பி பூட்ச்சு" என்றாள் அம்மா. விளக்கு எரிந்தது, ஆக கரண்டு இருக்கிறது, ஆக கம்பிதான். பாதிப் பாட்டில் விடுகிற ஆள் இல்லையே நைனா. உள்ளேயிருந்து குரல் வரவில்லை என்பதைச் சித்தப்பாதான் கவனித்தார்.

"இன்னா அண்ணி, சத்தமே காணோம்?"

"காத்தால கோவம் இன்னும் கீது. நீ கட்டிக் குடு, தானா பேசுவாரு."

அன்று ஓய்வு நாள், அவசரமில்லை. சித்தப்பா குறடை எடுத்தார். சக்கரத்தைப் பார்த்தார், முதல் கப்பியைப் பார்த்தார், துரு ஏறிய இடங்களையெல்லாம் விரலால் நெருடினார், ஒரு கப்பிக்கு எண்ணெய்கூட விட்டார். நான் அவர் ஏறி நின்ற முக்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "இங்க நல்லா கீது. இங்கயும் நல்லா கீது" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார். போகப் போக அவர் குரல் இறங்கியது. நிலைக்கு மேலே இருந்த கடைசிக் கப்பிக்கு வந்ததும் கை அப்படியே நின்றது. கம்பி எங்கும் அறுந்திருக்கவில்லை.

முக்காலியிலிருந்து குதித்துத் திரையை விலக்கினார். பிடி பழைய நிலைக்குத் திரும்பி நின்றது. நைனாவின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. விரல்கள் இன்னும் எதையோ பிடித்த வாக்கில் வளைந்திருந்தன. சித்தப்பா அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். சூடாக இருந்தது. மூச்சு இல்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, உடனே ஓடிப் பார்த்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றார். பிழைத்திருக்க மாட்டார், சரி. தனியாகப் போயிருக்க வேண்டாமே. இழவுக்கு வந்தவர்களிடமெல்லாம் சித்தப்பா, "கம்பி நல்லாத்தான் இருந்துச்சு, கம்பி நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். கைகாட்டி "நில்" என்று விழுந்தால் நிற்க வேண்டும், இறங்கிப் போய் ஆளைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தானே அந்தக் கனத்தைக் கட்டுகிறார்கள்? அதைத் தன் கையாலேயே கட்டிய மனிதர், அது சொன்னபோது கப்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காரியம் முடிந்ததும் கப்பிகளைக் கழற்றி எங்கோ கொண்டுபோய்ப் போட்டார், சில மாதங்களில் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். ரேடியோவை அம்மா விற்கவும் இல்லை, போடவும் இல்லை. அதன் மேல் ஒரு கோணியைப் போட்டு மூடி வைத்தாள்.

இப்போது ராயபுரத்தில் கைகாட்டி மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் வண்ண விளக்குகள். மூர் மார்க்கெட் இல்லை. எங்கள் சந்தில் ஓட்டு வீடும் இல்லை, அடுக்கு மாடிகளில் ஜன்னலுக்கு ஜன்னல் டிவி சத்தம். என் பேரன் சோபாவில் கவிழ்ந்து படுத்தபடி, விரல் நுனியால் ரிமோட்டை அழுத்திச் சத்தத்தை ஏற்றுகிறான், சேனலை மாற்றுகிறான். கம்பியும் கிடையாது, கப்பியும் கிடையாது. நைனாவின் கையில் இது இருந்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போதே, எனக்கு இதன்மேல் ஒரு பயமும் வந்துவிடுகிறது. கையை எடுத்தாலும் இது பாடிக்கொண்டே இருக்கிறது. கேட்கிறவர் இருக்கிறாரா இல்லையா என்று இதற்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் மத்தியானத்தில் டிவியைப் போட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவார். நான் சமையலறையில் வேலையாக இருப்பேன், முன்னறையில் செய்தி அலறிக்கொண்டிருக்கும். அடிக்கொரு தரம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் கையைத் தொட்டுப் பார்க்கிறேன். "இன்னாத்துக்கு சும்மா சும்மா வந்து எயுப்புற?" என்று தூக்கக் கலக்கத்தில் எரிந்து விழுகிறார். சூடாக இருந்தால் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். அவர் விரல்கள் என் விரலைத் திரும்பப் பிடிக்கும்வரை நான் அங்கிருந்து நகர்வதில்லை.