உப்பிய கன்னம்

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் டெய்லர். என் மகள் கவிதாவுக்கு எட்டு வயசில் மூட்டெல்லாம் வீங்கி நடக்க முடியாமல் போனது. கோயமுத்தூரில் குழந்தைகளுக்கு மூட்டு நோய் பார்க்கும் டாக்டர் மாத்திரை கொடுத்தார். ரெண்டு மாசத்தில் நடந்தாள். கன்னமும் உருண்டு வந்தது.

ஒரு சனிக்கிழமை கம்பெனிக்குக் கூட்டிப்போனேன்.

"ஏனுங்க, புள்ளைக்கு எந்தக் கடை அரிசிங்க? எங்களுக்கும் சொல்லுங்க," என்றார் தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் அக்கா.

எனக்குப் பெருமை. பிள்ளை நல்லாயிட்டாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். இனி மாத்திரை எதற்கு என்று நானே நிறுத்திவிட்டேன். மூணு நாளும் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் மயங்கி விழுந்தாள். கோயமுத்தூருக்கே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"முகம் உப்புனது மாத்திரையாலங்க. நோய் இன்னும் போகலை. இதைத் திடீர்னு நிறுத்தவே கூடாதுங்க," என்றார் டாக்டர். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிள்ளை கண் விழித்ததும், "வலிச்சுதுன்னா ஏன் கண்ணு சொல்லலை?" என்றேன்.

"நான் நல்லாயிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தீங்கல்லப்பா."

குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை இன்னும் நிற்கவில்லை. தினமும் காலையில், "இன்னைக்கு எங்க வலிக்குது கண்ணு?" என்று கேட்கிறேன். அவள் தொட்டுக் காட்டுகிறாள். கேட்க மட்டுந்தான் என்னால் முடிகிறது.