வெள்ளாடு விழுந்த நாள்

ரியோ நகரத்து மதுரேய்ராவில் எங்கள் தெரு ஜுல்மிராவின் தூக்கத்தை நம்பியிருந்தது. துணி தேய்த்துக் கொடுப்பவள். அவள் கனவுக்கு ஒரு மிருகம் கண்டுபிடித்து, அதன்மேல் ஜனங்கள் பந்தயம் கட்டுவார்கள். அடிக்கடி அந்த மிருகத்துக்கே பரிசு விழவும் செய்யும்.

ரியோவில் இந்த மிருகப் பந்தயம் என் தாத்தா காலத்துக்கும் முந்தைய பழக்கம். கூட்டம் வராத மிருகக்காட்சிசாலைக்காரர் ஒருவர் நுழைவுச்சீட்டில் மிருகப் படம் போட்டு, சாயங்காலம் ஒரு படத்துக்குப் பரிசு கொடுத்தார். காட்சிசாலை மூடிப்போயிற்று, சீட்டிலிருந்த இருபத்தைந்து மிருகங்களும் ஊருக்குள் குடியேறிவிட்டன. சட்டப்படி குற்றம்தான். ஆனால் பந்தயம் எழுதித் தரும் துண்டுச்சீட்டுக்கு இருக்கும் நாணயம் அரசாங்கப் பத்திரத்துக்குக் கிடையாது.

புருஷன் எவாரிஸ்டோ செத்ததிலிருந்து ஜுல்மிராவுக்குத் தூக்கமில்லை. கனவிலாவது ஒருதரம் வரமாட்டானா என்று தவித்தாள். தெருவும் தவித்தது, சீட்டுக்காக.

ரொட்டிக்கடை வாசலில் பக்கத்து வீட்டு நெய்டே தினமும் மடக்குவாள். "என்னக்கா, மாமா வந்தாரா?"

ஒருநாள் ஜுல்மிராவுக்கு அலுத்துப்போயிற்று. "வந்தாரு. சவரம் பண்ணிட்டிருந்தாரு."

"தாடின்னா வெள்ளாடு," என்றார் மீன்காரர் ஒசோரியோ.

"செத்தவங்க வந்தா யானைன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும்," என்றாள் நெய்டே.

"சும்மா வந்தா யானை. வேலையா வந்தா அந்த வேலைதான் கணக்கு."

தெருவே வெள்ளாட்டில் கட்டியது, ஜுல்மிராவைத் தவிர. வெள்ளாடு விழுந்தது. ஜெயித்தவர்களிடமிருந்து அவள் வீட்டுக்குச் சுட்ட இறைச்சி வந்தது, தொடவில்லை.

முக்கில் சீட்டு எழுதும் அர்லிண்டோ கேட்டான்: "நீங்க மட்டும் ஏங்க்கா கட்டல?"

"அவரு வரவே இல்லடா. நான் கதை விட்டேன். பொய்யா கூப்பிட்டா ஊருக்கு வர்றாரு, நெசமா கூப்பிட்டா எனக்கு வர்றதில்ல. இருந்தப்பவும் அப்படித்தான்."

மறுநாள் ரொட்டிக்கடையிலும் உண்மையைச் சொன்னாள்.

"புரியுது," என்றாள் நெய்டே. "இன்னிக்கு வந்த மிருகத்த அக்கா தனக்கே வச்சுக்கப் பாக்கறாங்க."

போகுமிடமெல்லாம் பின்னால் வந்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போனாலும், பூசைக்குப் போனாலும். கடைசியில் அர்லிண்டோவிடம் போய், வாயில் வந்ததைச் சத்தமாகச் சொன்னாள்: "ஒட்டகம்."

தெருவே ஒட்டகத்தில் கட்டியது. விழுந்தது மயில்.

அதற்கப்புறம் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நெய்டே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அன்று மத்தியானம் தேய்ப்புப் பெட்டி ஆறிக் கிடக்க, ஜுல்மிரா நாற்காலியிலேயே வாய்பிளந்து தூங்கினாள். எவாரிஸ்டோ வந்தானா என்று சொல்லவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். எதற்கு, கட்டவா என்றாள்.