வெள்ளைப் பட்டி டயர்

லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் ஒரு பழைய அமெரிக்கக் கார் நிற்கிறது. ஐம்பதுகளில் அங்கத்தைய இளைஞர்கள் பழங்கார்களுக்குப் பெரிய எஞ்சின் பூட்டி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பறந்தார்களே, அந்த ஹாட் ராட் வகை. ஐம்பதுகளில் எங்கள் குடும்பத்தில் சைக்கிள் வைத்திருந்தவரே பெரிய மனிதர். இருந்தாலும் அந்தக் காலத்துக்குப் பொருந்தாத ஒரு நட்டுகூட என் காரில் இருக்கக்கூடாது என்று எனக்கொரு வெறி.

கலியாணம் நிச்சயமானதும் மகள் சொன்னாள், "அப்பா, கோயிலுக்கு நான் உங்கட காரிலதான் வருவன்."

அதில் இரண்டு பேர்தான் இருக்கலாம். அவளும் நானும். நான் அழுதுவிட்டேன். அழுது முடிப்பதற்குள்ளேயே, காலத்துக்குப் பொருந்தாத இந்தச் சக்கரங்களோடு எப்படிப் போவது என்ற கவலை வந்துவிட்டது.

மண்டபம், சமையல், மேளம் எல்லாவற்றையும் மனைவி பார்த்தாள். நான் சக்கரம் பார்த்தேன். பளபளக்கும் அலோய் சக்கரங்கள் அறுபதுகளுக்குரியவை என்று தள்ளினேன். சிவப்புப் பெயின்ட் அடித்த இரும்புச் சக்கரம், முன்னுக்கு ஒல்லி, பின்னுக்குத் தடிப்பு, அதுதான் சரி. டயர் பழைய கிராஸ்பிளை முறையில் செய்தது, பக்கத்தில் அகலமான வெள்ளைப் பட்டி. அது இரவு முழுக்கக் குளிரில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகி, காலையில் ஒரு மைலுக்கு டொக் டொக்கென்று குலுங்கும்.

"இந்தக் காலத்து ரேடியல் டயரைப் போட்டால் ஆரப்பா குனிஞ்சு பாக்கப்போகினம்? பிள்ளை குலுங்காமல் போகவேணும்" என்றாள் மனைவி.

"நான் பாப்பன்" என்றேன்.

கலியாணக் காலை. காரை வாசலில் நிறுத்தியிருந்தேன். இனசனம் சுற்றி நின்றது. மனைவி நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். பொனட்டில் சந்தனம் குங்குமம் வைத்தாள். சும்மா இருந்திருக்கலாம். குனிந்து, அந்த வெள்ளைப் பட்டியிலும் ஒரு பெரிய குங்குமப் பொட்டு வைத்துவிட்டாள்.

என் மூளைக்கு முன்னே கை போய்விட்டது. பட்டுச் சால்வைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தேன். பட்டி முழுக்க ரோசா நிறமாகியது. நிமிர்ந்து பார்த்தால் இனசனம் ஒரு அடி பின்னுக்குத் தள்ளி நின்றது. மகளின் கலியாண நாளில், வீட்டு வாசலில், மனைவி வைத்த குங்குமத்தை அழித்த தகப்பனைப் பார்த்து என்னதான் பேசுவார்கள்? மனைவி ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஏசவில்லை.

கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மகள் படியில் நின்றாள். டயரைப் பார்த்தாள், என் சால்வையைப் பார்த்தாள்.

"நான் மற்றக் காரில வாறன் அப்பா. இதில ஏறினால் சேலை ஊத்தையாப் போயிடும்."

"சரி பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

"என்ன சரி? அந்தக் காரையும் நீங்கள்தான் ஓடவேணும். கெதியா வாங்கோ."

மனைவி எலுமிச்சம்பழங்களை எடுத்து, நாங்கள் கடைக்குப் போகும் காருக்குக் கீழே வைத்தாள். அவளும் மகளும் பின்னால் ஏறினார்கள். கறைபட்ட சால்வையோடு நான் ஓட்டினேன். கார் கொஞ்சமும் குலுங்கவில்லை. கண்ணாடியில் மகளின் முகம் கோயில் வரைக்கும் ஆடாமல் அசையாமல் தெரிந்தது.

அந்தக் காரில் என்ன டயர் பூட்டியிருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.