மாடிப்படியில் விழுந்த பையன்

தெருவில் அவளை டெய்லர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாடியில் வீடு. கீழே படிக்கட்டை ஒட்டிய அறையில் தையல் மெஷின், சுற்றிலும் பள்ளிச் சீருடைத் துணி. தெருவில் பாதிப் பிள்ளைகளின் டிரவுசர் அவள் கையால் தைத்ததுதான். அதிகமாக ஒட்டுப் போட்டது மட்டும் சொந்த மகனின் டிரவுசருக்கு.

எட்டு வயதுப் பையன், படியில் நடந்து இறங்க மாட்டான். உட்கார்ந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தேய்த்துக்கொண்டே இறங்குவான். யாராவது கேட்டால், மனப்பாடப் பாட்டு மாதிரி ஒப்பிப்பான். "போன வருஷம் படியில ஓடினேன். விழுந்து மண்டை உடைஞ்சிடுச்சு. ஓடக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க, நான்தான் கேக்கல."

அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏனென்றால் அவன் ஓடவும் இல்லை, படியில் விழவும் இல்லை.

அன்றைக்கு அவனை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்து ஓட்டிப் போனவன் அவள் கொழுந்தன். ஒரு கையில் போன். ஹெல்மெட்டைத் தன் தலையில் பத்திரமாக மாட்டியிருந்தான். நாய் குறுக்கே வந்தது, பிரேக் போட்டான், பிள்ளையின் தலை முதலில் கைப்பிடியிலும் பிறகு தார்ச்சாலையிலும் மோதியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும் அவள் கணவன் முந்திக்கொண்டு, நாக்கூசாமல் சொன்னான்: "மாடிப்படியில விழுந்துட்டான் சார்." தம்பிக்கு அப்போதுதான் வேன் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. "கேஸாச்சுன்னா அவன் பொழப்பே போயிடும். வாயை மூடிக்கிட்டு இரு" என்று அவளை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னான். அவளும் மூடிக்கொண்டாள். அந்த வாயால் சாப்பிடுவதே இன்றைக்கு வரைக்கும் அவளுக்கு அருவருப்பாக இருக்கிறது.

மண்டையை அறுத்து, மூளையில் கட்டிய ரத்தத்தை எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தான். விழுந்த நாள் மட்டும் அவன் நினைவில் அடியோடு இல்லை. காலியாய்க் கிடந்த அந்த இடத்தில் பெரியவர்கள் தங்கள் பொய்யைத் திணித்துவிட்டார்கள்.

முடி வளர்ந்து தழும்பு மறைந்தது. "நல்லா ஆயிட்டானே!" என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு வரிக் கணக்கைப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி அவனுக்கு மறந்துவிடுகிறது என்பதும், மெஷின் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். தலையில் இன்னொரு அடி படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொழுந்தனோ, வரும்போதெல்லாம் அந்தத் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பான். "தேங்காய் கெட்டியாத்தான் இருக்கு அண்ணி!" உடனே அண்ணன்காரன் பல்லைக் காட்டுவான். சீ, என்ன ஜென்மங்களோ!

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் புது ஸ்கூட்டரில் வந்து வாசலில் ஹாரன் அடித்தான்.

"டேய் வாண்டு! வாடா, ஒரு ரவுண்டு போலாம்."

பையன் படியில் தேய்த்துத் தேய்த்து இறங்கினான். கொழுந்தன் வண்டியில் உட்கார்ந்தபடி கெக்கெக்கே என்று சிரித்தான். தரைக்கு வந்ததும் பிள்ளை ஒரே ஓட்டமாக ஓடிப்போய் முன்னால் ஏறி நின்றான். அதே இடம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பு. துளி பயம் இல்லை. ஹெல்மெட் இந்த முறையும் கொழுந்தனின் தலையில்தான் இருந்தது.

அவள் தைத்ததைப் போட்டுவிட்டு எழுந்து போய் வண்டிச் சாவியை உருவினாள்.

"எறங்குடா கண்ணு."

"என்ன அண்ணி, மெதுவாத்தான் ஓட்டுவேன்."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க தம்பி."

மாடியிலிருந்து கணவன், "ஏய், வாயை மூடு!" என்று கத்தினான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பையனை இறக்கி, அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"நீ படியில விழலடா. இந்த மாதிரி வண்டியில, இதே இடத்துலதான் நின்னே. சித்தப்பா போன் பேசிக்கிட்டே ஓட்டினாரு. அப்பா டாக்டர்கிட்ட பொய் சொன்னாரு. அம்மா பேசாம இருந்துட்டேன்."

கொழுந்தன் ஹெல்மெட்டைக் கழற்றி, அதற்குள்ளே எதையோ தேடுவது போல் பார்த்துக்கொண்டு நின்றான். பையன் திரும்பிப் படிக்கட்டையே வெகுநேரம் பார்த்தான்.

"அப்ப நான் ஓடலையாம்மா?"

"இல்லடா. நீ சும்மா நின்னுக்கிட்டுதான் இருந்தே."