மூணாவது துண்டு

இது கட்டுக்கதை இல்லீங்க. அர்த்தனாரியும் நானும் ஒரே மேஸ்திரிகிட்ட கல் தூக்கினவங்க. அவர் வாயால சொன்னதைத்தான் எழுதறேன்.

போன ஐப்பசி. நூறு நாள் வேலைப் பட்டியலில் அர்த்தனாரி பேருக்கு நேரா 'இறப்பு' என்று ஏறிவிட்டது. யார் கை தவறோ. ரெண்டு மாசமாக வேலை இல்லை. "செத்தவனுக்கு எதுக்குய்யா மம்பட்டி?" என்று மேஸ்திரி கேலி வேறு. ஒரு நாள், அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் திருத்தாவிட்டால் இனி அடுத்த வருசம்தான் என்றார்கள். செம்மேட்டில் இருக்கிற யூனியன் ஆபீசுக்கு ஓடினார்.

மத்தியானம் 3.05. ஜன்னல் வரைக்கும் மூடுபனி. ஆபீசில் ஆபரேட்டர் இமானுவேல் மட்டும்.

"பைல் ரொம்பப் பெருசுங்கய்யா. மலைச்சனம் மொத்தமும் போட்டோ, கைரேகையோட ஒரே பைல். முழுசாத் திறந்தா கம்ப்யூட்டர் தாங்காது, நின்னுரும்."

"அப்புறம் எப்படிங்க?"

"பலாப்பழத்தை முழுசாவா முழுங்கறோம்? துண்டு போட்டுத்தான். ஒவ்வொரு துண்டுலயும் 'இறப்பு'ன்னு இருக்கிற வரியை மட்டும் காட்டறேன். உங்க பேர் இருக்கா பாருங்க."

அர்த்தனாரி அம்பது வயசுக்கு மேல் எழுத்துக் கத்துக்கிட்டவர். வாய்விட்டுப் படித்தால்தான் அவருக்குப் புரியும். விரலை வைத்து, வரி வரியாகப் படித்தார். எல்லாம் செத்தவங்க பேரும், மலையில் அவங்க ஊரும். கடைசி வரி...

"பெ...ரு...மா...யி. குண்டூர் நாடு."

3.14. ரெண்டாவது துண்டு. அதிலும் அவர் பேர் இல்லை. கடைசி வரி மட்டும்... பெருமாயி. குண்டூர் நாடு.

"மறுபடியும் அதே ஆளுங்க சார்."

"ரெண்டு தடவை ஏத்தியிருப்பாங்க. விடுங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செத்தவங்க பேரை மூணு தரம் கூப்பிடக் கூடாது என்பது அவங்க ஊட்டு வழக்கம். கூப்பிட்டால் வந்துருமாம்.

இனி மனசுக்குள் படிக்கலாம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

3.26. மூணாவது துண்டு. கடைசிக்கு முந்தின வரி... அர்த்தனாரி.

"இதா நாந்தாங்க!"

வாய் திறந்துவிட்டது. விரல் பழக்கத்தில் அடுத்த வரிக்கு இறங்கியது.

"பெ...ரு...மா...யி."

கிரீச்...

பின்னால் பெஞ்சு. யாரோ எழுந்திருக்கிற சத்தம்.

"ம்..."

பொம்பளைக் குரல்.

திரும்பினார். யாரும் இல்லை.

பெஞ்சு மட்டும் ஈரம்.

"என்னங்கய்யா?"

"இல்லீங்க... சீக்கிரம் திருத்துங்க."

3.33. 'இறப்பு' போய் 'உயிருடன்' வந்தது.

ஊட்டு வாசலில் பெண்டாட்டி இருசாயி. அவர் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ஏனுங்க, கூட வந்தவங்களை வெளியவே நிறுத்திட்டீங்க?"

அவர் திரும்பவில்லை.

பத்து நாள் கழித்து வேலை அட்டை வந்தது. குடும்பத்தில் ரெண்டே பேர். அட்டையில் மூணு பேர். அர்த்தனாரி. இருசாயி. பெருமாயி. மூணாவது கைரேகை பதிந்த நேரம்... 3.33.

இமானுவேலுக்குப் போன் போட்டார். பைலைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: பெருமாயி இறந்து ஒன்பது வருசம். அந்தப் பேர் பைல் முழுக்க ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அர்த்தனாரி பேருக்குக் கீழே.

"நேர்ல வாங்கய்யா, நீக்கிரலாம். எந்தப் பேருன்னு நீங்களே ஒருக்கா படிச்சுச் சொல்லணும். அதுதான் முறை."

அர்த்தனாரி இன்னும் போகலை.