ஏரிக்கரைச் சாலையில் முறிந்த சஷ்டி விரதம்

என் கணவர் ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடந்தார். கார் சாலையை விட்டு இறங்கி, பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. அவர் தோளைப் பிடித்து உலுக்கி, "மாமா, மாமா" என்று கத்தினேன். கண் பாதி திறந்திருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

முருகனை நம்பி வாழ்கிற உங்கள் எல்லோருக்கும் இதை நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நம் கிருத்திகை பூஜைக்கு வருகிறவர்களுக்கு, "சுமதி அக்கா வீட்டுக்காரருக்குக் கனடால ஆக்சிடென்ட், சாமிதான் காப்பாத்துச்சு" என்ற அளவில் விஷயம் தெரியும். சாமி காப்பாற்றியது சத்தியம். அதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் தாராபுரம் பக்கம். இருபத்தாறு வருஷம் அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பக்கம், பார்சிப்பனியில் குடியிருந்தோம். என் கணவர் செந்தில்நாதன் போன கோடையில்தான் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனார். கனடாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் காரிலேயே கடக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. மேப்பை விரித்துவைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். "பிளைட்ல போனா ஆறு மணி நேரம். இதென்ன கிறுக்கு மாமா?" என்று நான் திட்டுவேன். சிரிப்பார். அவர் என்னை எதிர்த்துப் பேசி எனக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் ஒரே மகள் கீர்த்தனா மேற்குக் கரைப் பக்கம் லிவர்மோரில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை கரு தங்கவில்லை. இரண்டாவது தடவை அவள் போனில் அழுத அழுகையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். வளைகாப்புக்கு நாங்கள் போக வேண்டும். சரி, இவர் ஆசையும் தீரட்டும் என்று ஒத்துக்கொண்டேன். நயாகரா பக்கம் எல்லையைத் தாண்டி டொராண்டோ, சுப்பீரியர் ஏரி, கால்கரி, வான்கூவர், பிறகு தெற்கே இறங்கி லிவர்மோர். நின்று நிதானமாகப் போனால் பதினாறு நாள்.

செப்டம்பரிலேயே கிளம்பியிருக்க வேண்டியது. வீட்டுக் கூரை வேலை இழுத்தடித்து ஐப்பசி பிறந்துவிட்டது. கிளம்பிய மூன்றாம் நாள் கந்த சஷ்டி ஆரம்பம்.

"சுமதி, இந்த வருஷம் நான் விட்டுடறனே. நாள் பூரா டிரைவ் பண்ணோணும்" என்றார்.

அவருக்குப் பதினான்கு வருஷமாகச் சர்க்கரை. அதற்கான மாத்திரையைப் போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இருந்தும் பிடித்த பிடியில் நின்றேன். "பேரக் குழந்தைக்குன்னு வேண்டியிருக்கறோம். ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தாத்தான் விரதம். ஆறு நாளுக்கு வயித்தைக் கட்ட முடியாதுங்களா?" என்றேன். கீர்த்தனா போனில் கெஞ்சினாள். "அம்மா, ஹி இஸ் டயபெடிக். ப்ளீஸ் டோன்ட் டூ திஸ்." உனக்காகத்தான் இதெல்லாம் என்று சொல்லி அவள் வாயையும் அடைத்தேன்.

மாத்திரை சாப்பாட்டில் சேராது, தண்ணீரோடு போட்டுக்கொண்டால் விரதம் கெடாது என்று ஒரு சட்டமும் போட்டேன். சாப்பாடும் இல்லை, மாத்திரையும் போடுகிறார், சர்க்கரை எங்கே ஏறப்போகிறது என்று நினைத்தேன். ஏறுவதைப் பற்றி மட்டும்தான் எனக்குப் பயம். இறங்கினாலும் ஆளைக் கொல்லும் என்று தெரியவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விரதத்துக்கு முந்தைய நாள் மோட்டலில் காரைத் துப்புரவாகச் சுத்தம் செய்தேன். முறுக்கு, பிஸ்கட், உலர்ந்த திராட்சை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன். முன் டிராயரில் கீர்த்தனா அப்பாவுக்காக வாங்கி வைத்திருந்த குளுக்கோஸ் வில்லை டப்பா இருந்தது. அதையும் சேர்த்துப் போட்டு, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். தின்கிற சாமான் வண்டியில் இருந்தால் மனசு அலையும் என்பது என் எண்ணம். அவர் அந்தப் பையையே பார்த்தார்.

காலையில் மோட்டல் குளியலறை மேடையில் தட்டு வைத்து, எங்கள் பூஜையறைச் சிறிய வேலுக்குப் பாலும் தேனும் அபிஷேகம் செய்வேன். சாயங்காலம் ஆளுக்கு ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான். அபிஷேகத் தேனை எங்கள் வீட்டில் யாரும் ஒரு சொட்டு தொட மாட்டோம். அது சாமியுடையது.

விரதத்தின் மூன்றாம் நாள் சாயங்காலம் பால் டம்ளரைப் பிடித்தபோது அவர் கை நடுங்கியது. "குளுருது" என்றார். நானும் குளிர் என்றே நம்பினேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நான்காம் நாள் மதியத்துக்கு மேல் ஏரிக்கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் கறுத்துக் கிடந்த தண்ணீர், இன்னொரு பக்கம் காடு. ஒரு மணி நேரமாக ஒரு ஊரும் வரவில்லை. பனி விழ ஆரம்பித்திருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஆறெழுத்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் கூடச் சொன்னார். திடீரென்று அவர் குரல் குழறியது. திரும்பிப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. உடம்பு நடுங்கியது. காரணமே இல்லாமல் சிரித்தார்.

கேளுங்கள், நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அருள் வந்திருக்கிறது என்று நினைத்தேன். பழனிக்குக் காவடி எடுத்துப் போகும்போது எத்தனை பேருக்கு அப்படி வந்து பார்த்திருக்கிறேன்! என் மாமாவுக்கு முருகன் இறங்கிவிட்டான், நம் வேண்டுதல் பலித்துவிட்டது என்று எனக்குப் புல்லரித்தது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் காரை ஓட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். "முருகா, எம்பொண்ணுக்கு வாக்குச் சொல்லு" என்று கேட்டேன்.

அவர் தலை தொங்கியது. கார் இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறங்கியது.

என் நெஞ்சில் பெல்ட் இறுக்கி மூச்சு முட்டியது. மற்றபடி எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத்தான் பேச்சு மூச்சு இல்லை. உடம்பு சில்லிட்டு, தெப்பலாக நனைந்திருந்தது. அப்போதுதான் டாக்டர் சொன்னது உறைத்தது. சாப்பிடாமல் சர்க்கரை இறங்கிவிட்டது, இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும். முன் டிராயரைத் திறந்தேன். காலி. பின் சீட், பைகள், கோட்டுப் பாக்கெட்டுகள், எங்கே தேடினாலும் ஒரு மிட்டாய்கூட இல்லை. அத்தனை சுத்தமாக வைத்திருந்தேன்.

பூஜைப் பையில் தேன் இருந்தது. எடுத்தேன்.

எடுத்துவிட்டு யோசித்தேன். இது சாமிக்கு வைத்தது. இதை வாயில் வைத்தால் விரதம் முறியும். விரதம் முறிந்தால் அந்தக் குழந்தை? மூன்றாவதும் போய்விட்டால் கீர்த்தனா தாங்குவாளா? "முருகா, விரதம் முறியாம இவரை எழுப்பிவிடு" என்று கெஞ்சினேன். தேன் பாட்டிலைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிடமா, ஐந்து நிமிடமா? அந்த மனுஷன் செத்துக்கொண்டிருந்தார். நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

அவர் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வாய்விட்டு அலறினேன். "முருகா, எனக்கு ஒண்ணும் வேண்டாம். விரதமும் வேண்டாம், வேண்டுதலும் வேண்டாம். பேரக் குழந்தைகூட இனி நாங் கேக்கல. இவரை மட்டும் எனக்குக் குடுத்துரு." என் வாழ்நாளில் நான் செய்த ஒரே உண்மையான பிரார்த்தனை அதுதான் என்று நினைக்கிறேன்.

இழுப்பு நின்றதும் அவரைப் பக்கவாட்டில் சாய்த்தேன். குளிரில் தேன் கெட்டியாகிக் கிடந்தது. விரலால் தோண்டி எடுத்து, கன்னத்துக்குள் ஈறில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். பிறகு கதவைத் திறந்துகொண்டு, கையால் மண்ணைப் பற்றி ஏறி, சாலைக்கு வந்தேன். சால்வையை உருவி வீசினேன். ஈ காக்கை இல்லை. மறுபடி இறங்கி ஓடித் தேன் தடவினேன். மறுபடி ஏறினேன். அப்படி மூன்று தடவை.

மூன்றாவது தடவை ஏறும்போது மஞ்சள் விளக்கு சுழல்வது தெரிந்தது. பனி அள்ளும் வண்டி. ஓட்டி வந்தது ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். குதித்து இறங்கி வந்தாள். அவர் வாயோரத்துத் தேனைப் பார்த்ததும், "சுகர்?" என்றாள். நான் தலையாட்டினேன். "குட். குட்" என்று என் தோளை அழுத்தினாள். வண்டி ரேடியோவில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அது வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை கம்பளியைச் சுற்றி அவர் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். அன்று அது அவள் ஓட்ட வேண்டிய சாலையே இல்லையாம். வழக்கமாக வருகிறவரின் வண்டி கெட்டுப்போனதால், அவள் ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டு வந்தாளாம். நீங்கள் இதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அந்தப் பெண்ணின் காலில் விழுந்து கும்பிட்டேன். பாவம், பதறிப்போய் என்னைத் தூக்கினாள்.

அந்தப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவருக்கு இரண்டு விலா எலும்பில் விரிசல். இரண்டு நாள் என்னை யாரென்றே அவருக்குத் தெரியவில்லை. தேன்தான் உயிரைப் பிடித்து வைத்தது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். ஆனால் மூளைக்குச் சர்க்கரை கிடைக்காமல் போன நேரத்தில் கொஞ்சம் சேதம் ஆகியிருக்கிறது என்றார். நான் யோசித்துக்கொண்டிருந்த நிமிடங்களை அந்த டாக்டரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மாமா என் பெயரைச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "விரதம் முறிஞ்சு போச்சுங்க மாமா. நாந்தான் தேனை வாயில வெச்சேன்" என்று அழுதேன்.

அவர் வெகுநேரம் வார்த்தையைத் தேடினார். "அன்னைக்குக் காத்தால இருந்தே கண்ணு இருட்டுச்சு, சுமதி" என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லைங்க?"

"சாமி கோவிச்சுக்கும்னு பயப்படல புள்ள. நீ கோவிச்சுக்குவீன்னு பயந்துட்டேன்."

முப்பத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர். சாவே வந்து நின்றபோதும், அதைவிட என் வாய்க்குத்தான் பயந்திருக்கிறார். அந்தக் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

பயணம் அங்கேயே முடிந்தது. மாப்பிள்ளை வந்து எங்களை லிவர்மோருக்கு அழைத்துப் போனார். இப்போது இங்கேதான் இருக்கிறோம். அவர் மெதுவாகப் பேசுகிறார். பெயர்கள் மறக்கின்றன. இனி வண்டி ஓட்டக் கூடாது. மேப்பை யாரோ எடுத்து வைத்துவிட்டார்கள், அவரும் கேட்கவில்லை. கீர்த்தனாவுக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். விரதம் முறிந்த பிறகும், நான் கேட்க மாட்டேன் என்று சொன்ன பிறகும், முருகன் கொடுத்தான். அவனுக்கு நான் எந்தக் காலத்திலும் நன்றி சொல்லித் தீராது.

இப்போதும் விரதம் இருக்கிறேன். நான் மட்டும். கிருத்திகை அன்று காலையில் முதலில் அவருக்கு இட்லி வைத்து, சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் பூஜையறைக்குள் போகிறேன்.

முருகனை நம்புங்கள். கூப்பிட்டால் வருவான். காட்டுக்கு நடுவில் கூப்பிட்டாலும் வருவான், நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் இதைப் படித்து முடித்ததும், உங்களுக்குப் பயந்துகொண்டு வாய் திறக்காமல் இருக்கிறவர் உங்கள் வீட்டில் யாராவது உண்டா என்று பாருங்கள். இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அவருக்குச் சோறு போடுங்கள். விளக்கை அதற்குப் பிறகு ஏற்றலாம். முருகன் காத்திருப்பான். என் வீட்டுக்காரர் உடம்பு காத்திருக்கவில்லை.