நீலச்சட்டைக்காரனின் நாற்பது நாள்

2022 ஆகஸ்ட் பதினேழாம் தேதி, புதன்கிழமை, மகாலட்சுமி பெங்களூருக்குப் போனாள். பதினைந்தும் பதினாறும் புதுச்சேரிக்கு விடுமுறை என்பதால் இரண்டு நாள் உட்கார்ந்து நிதானமாக மூட்டை கட்டியிருந்தாள். அவளோடு சேர்ந்து போகவேண்டியவள் ஜோஸ்பின். அங்கே இருவருக்கும் ஒரே கம்பெனியில் புது வேலை, ஒரே விடுதியில் அறை, ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

மகாலட்சுமியின் அப்பா பச்சையப்பன் பாகூரில் கரும்பு போடுகிறவர். மகளை வெளியூருக்கு அனுப்பமாட்டேன் என்று மூன்று மாதம் முறுக்கிக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரே ஒரு காரணத்துக்காக இறங்கி வந்தார். "காசம்மா பொண்ணு கூட போவுதுன்னா போவட்டும்." ஜோஸ்பினின் அம்மா காசம்மாள் பக்கத்து ஊரான சோரியாங்குப்பத்திலிருந்து தினமும் வந்து இருபது வருஷம் அவர் நிலத்தில் கரும்பு வெட்டியவள். சொன்ன சொல் மாறமாட்டாள் என்று அவர்மட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் மகளுக்கும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அன்று காலை பாகூர் ஸ்டாண்டில் இரண்டு பெண்களையும் அவரே பஸ் ஏற்றிவிட்டார். பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பெங்களூர் பஸ்ஸின் வயிற்றுக்குள் மகாலட்சுமியின் பெட்டியைத் தள்ளிய பிறகு, ஜோஸ்பின் தன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"நீ போ மகா. நான் வரல."

"இன்னாடி வெளையாட்றியா? ஏறு."

"அம்மாக்கு ஒடம்பு சரியில்ல. காலையிலேயே படுத்துடுச்சு."

மகாலட்சுமி கைப்பேசியை எடுத்துக் காசம்மாளை அழைத்தாள். காசம்மாள் நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, மண்வெட்டிச் சத்தத்துக்கு நடுவே, "இன்னாம்மா, பஸ்ஸு ஏறிட்டீங்களா? ஜன்னல் பக்கம் ஒக்காருங்க" என்று கத்தினாள். ஸ்பீக்கரில் போடாமலே அது ஜோஸ்பினுக்குக் கேட்டது.

கண்டக்டர் விசில் ஊதினார். மகாலட்சுமி ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மதியம் ஜோஸ்பின் வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் செய்திக்கு ஒற்றை டிக் விழுந்தது. அதற்குப் பிறகு அனுப்பிய எதற்கும் இரண்டாவது டிக் விழவே இல்லை.

ஏன் ஏறவில்லை என்று யாராவது கேட்டிருந்தால் ஜோஸ்பினால் சொல்லியிருக்க முடியாது. பயம், அவ்வளவுதான். இறங்குகிற இடத்தில் நம்மைத் தெரிந்த ஒரு முகமும் இருக்காதே என்று படிக்கட்டில் கால் வைக்கும்போது தோன்றியது. கால் எழும்பவில்லை. பக்கத்தில் மகாலட்சுமி இருப்பாளே என்பது அந்த நேரத்தில் ஏனோ நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் மூலக்குளத்தில், இருவரும் அதுவரை வேலை பார்த்த பழைய ஆபீஸின் படியேறினாள். டைல்ஸ் கடைக்கு மேலே, பதினோரு பேர் வேலை செய்கிற இடம். வெளிநாட்டுக்காரர்கள் உருவாக்குகிற கணினி விளையாட்டுகளை, வெளியிடுவதற்கு முன் விளையாடிப் பார்த்து, எங்கே சிக்குகிறது, எங்கே உடைகிறது என்று எழுதி அனுப்பவேண்டும். ஒவ்வொரு கோளாறும் ஒரு பக். டீம் லீடர் புகழ்வேந்தன் அவளைப் பார்த்துவிட்டு, "ராஜினாமா கடிதத்த இன்னும் நானே படிக்கலமா. போய் ஒக்காரு" என்றான். பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. போகும்போது மகாலட்சுமி பாதியில் விட்டுவிட்டுப் போன விளையாட்டு ஜோஸ்பினிடம் வந்தது.

போலந்தில் ஓர் அக்காவும் தம்பியும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு அது. அதில் சண்டை இல்லை, ஓட்டம் இல்லை, மதிப்பெண்கூட இல்லை. ஓர் ஆள். எப்போதும் நீலச்சட்டை. மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறான். அலாரத்தை நிறுத்தவேண்டும். பல் துலக்கவேண்டும். ரயிலில் நிற்கவேண்டும். ஆபீஸில் காகிதங்களுக்கு முத்திரை குத்தவேண்டும். திரும்பி வந்து ஒரு டப்பாவைச் சூடாக்கிச் சாப்பிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டுப் படுக்கவேண்டும். இப்படி நாற்பது நாள். பன்னிரண்டாம் நாள் தொட்டிச் செடி வாடும். இருபத்தேழாம் நாள் ரயிலில் ஒருவர் அவன் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்பார். அவனுடைய மாதத்தில் பெரிய சம்பவம் அதுதான்.

ஜோஸ்பின் அவனை வாரத்துக்கு மூன்று தடவை நாற்பது நாளும் வாழவைத்தாள்.

வெளியே அவளுடைய நாட்களும் வேறொரு தடத்தில் ஓடத் தொடங்கியிருந்தன. மகாலட்சுமி பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் அப்பாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார். "ஜோஸ்பின் என்கூடத்தான்பா இருக்கா, குளிக்கப் போயிருக்கா" என்று அவள் சொன்னது காசம்மாள் வழியாக ஜோஸ்பினுக்கு வந்து சேர்ந்தது. காசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்த ஐயா வந்து எங்கிட்ட கேட்டாரு, பொண்ணு போன் பண்ணுச்சான்னு. ஆமாங்க பண்ணுச்சுன்னேன். இந்த வயசுல என்ன பொய்யி சொல்ல வெச்சிட்டியேடி பாவி."

அன்றிலிருந்து ஜோஸ்பின் பாகூர் பக்கமே போகவில்லை. பாகூர், வில்லியனூர் வழியாகப் போனால் மூலக்குளத்துக்கு ஒரு மணி நேரம். ஆனால் பச்சையப்பன் காலையில் ஸ்டாண்டு டீக்கடையில்தான் பேப்பர் படிப்பார். அதனால் முள்ளோடைக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து கடலூர் பஸ்ஸில் பாண்டி, பாண்டியிலிருந்து இன்னொரு பஸ்ஸில் மூலக்குளம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பழைய பஸ்ஸில் டிரைவரிலிருந்து பூக்காரி தனக்கொடி வரை எல்லாருக்கும் அவளைத் தெரியும். புதிய பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. சோரியாங்குப்பத்தில் யாராவது கேட்டால், "வூட்லேர்ந்தே வேலை குடுத்துட்டாங்க, இங்கியும் அங்கியுமா இருக்கும்" என்று காசம்மாள் சமாளித்தாள். பாகூர் மாதா கோயில் திருவிழாவுக்கும் ஜோஸ்பின் போகவில்லை. மகாலட்சுமி சொன்ன பொய்யைக் காப்பாற்றிக் கொடுப்பதைத் தவிர அவளுக்காகச் செய்ய வேறொன்றும் மிச்சமில்லை என்று நினைத்தாள்.

ஒரு நாள் புகழ்வேந்தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னா ஜோஸ்பின் எழுதி அனுப்பியிருக்க? 'நாப்பது நாள்ல ஒருத்தர்கூட இவன சாப்டியான்னு கேக்கல.' இது பக்கா?"

"பக்குதாண்ணா."

"எப்டிமா?"

"எதிர்வூட்ல லைட்டு எரியுது. படியில ஆள் ஏறுது, எறங்குது. செவுத்துக்கு அந்தாண்ட டி.வி. சத்தம் கேக்குது. இவ்ளோ ஆள வெச்சிட்டு கேக்காம எப்டி இருப்பாங்க? வசனம் எழுதியிருப்பாங்க, அது ஓடாம எங்கியோ மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்."

"அந்த ஊர்ல கேக்கமாட்டாங்கமா. கதையே அதுதான்."

எதிர் மேசையிலிருந்து பாக்யராஜ் தலையைத் தூக்கினான். "இந்த ஊர்ல மட்டும்? ஆறு மாசமா எதிர்ல ஒக்காந்துனு இருக்கேன். என்ன ஒரு நாளாச்சும் கேட்டியா நீ?"

"நீதான் பதினோரு மணிக்கே டப்பாவ நக்கி வெச்சிட்றியே. உன்ன இன்னாத்த கேக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜோஸ்பினும் சிரித்தாள். ஆனால் பாக்யராஜ் சொன்னது உண்மை. மதியம் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே தனியாகச் சாப்பிட்டு முடித்துவிடுவாள். மகாலட்சுமி இருந்தபோது இருவர் டப்பாவும் ஒரே நேரத்தில் திறக்கும்.

போலந்திலிருந்து அக்காவின் பதில் வந்தது. "இது கோளாறு இல்லை. நாங்கள் வேண்டுமென்றேதான் அப்படி வைத்தோம். ஆனால் இரண்டு நாளாக நானும் தம்பியும் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்."

ஒரு மாதம் கழித்து வந்த புதுப் பதிப்பில் ஒரு மாற்றம் இருந்தது. விளையாடுகிறவர் ஒரு சீட்டு எழுதி எதிர்வீட்டுக் கதவின் அடியில் தள்ளலாம். அந்தச் சீட்டு உலகத்தில் எங்கேயோ இதே விளையாட்டை விளையாடுகிற இன்னொருவரின் நீலச்சட்டைக்காரனுக்குப் போய்ச் சேரும். எந்த மொழியில் எழுதித் தள்ளுகிறோமோ அந்த மொழியில் ஒரு சீட்டு திரும்பி வரும். ஒரு சீட்டுக்கு இருநூறு எழுத்துதான். ஒன்றுமே எழுதாமல் தள்ளினால் என்ன ஆகிறது, அளவுக்கு மீறி எழுதினால் என்ன ஆகிறது என்றெல்லாம் சோதிக்கவேண்டும். எல்லாரும் ஆங்கிலத்தில் வாய்க்கு வந்ததை அடித்துத் தள்ளினார்கள். தமிழில் சோதிப்பது மட்டும் ஜோஸ்பினின் பங்கு.

அந்த வாரத்தில்தான் பச்சையப்பன் அவளைப் பிடித்துவிட்டார்.

பாண்டி பஸ் ஸ்டாண்டில் மூலக்குளம் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். சிமெண்டு பெஞ்சில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். கண் ஆஸ்பத்திரியில் மருந்து விட்டிருந்தார்கள். பார்வை தெரியாது என்று நினைத்து மெல்ல நழுவினாள்.

"காசம்மா பொண்ணுதான? வாம்மா இங்க."

போனாள்.

"லீவுல வந்தியா?"

"ஆமாம்பா. இன்னிக்கே கெளம்புறேன்." அம்மா அவரை ஐயா என்பாள். ஜோஸ்பின் மகாலட்சுமியோடு சேர்ந்து அப்பா என்றே பழகிவிட்டாள்.

"மகா வர்ல?"

"அதுக்கு லீவு கெடைக்கலப்பா."

"நேரத்துக்கு துன்னுதா? கேட்டா துன்னேன் துன்னேன்னுது. கொரல வெச்சு எனக்குத் தெரியாதா? எளச்சுதான் போயிருக்கும்." கண்ணாடியைக் கழற்றி, நீர் வழிந்த கண்ணைத் துண்டால் ஒற்றினார். மருந்துக் கண்ணீர்தான். "நீ பக்கத்துல இருக்கங்காட்டிதாம்மா எனக்கு ராத்திரியில கண்ணு மூடுது. இல்லன்னா அன்னிக்கே இட்டாந்துருப்பேன்."

"நல்லாத்தாம்பா இருக்குது" என்றாள். பஸ் வந்தது. எந்த பஸ் என்று பார்க்காமல் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள்.

ஆபீஸில் அன்று முழுவதும் நீலச்சட்டைக்காரனை எதிர்வீட்டுக் கதவடியிலேயே நிறுத்திவைத்திருந்தாள். சோதனைக்காகத்தான் எழுதுகிறோம், யாருக்கும் போய்ச் சேராது, வெளியீட்டுக்கு முன்பு எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். அந்தத் தைரியத்தில், செய்தியில் எழுதி எழுதி அழித்ததைச் சீட்டில் எழுதினாள்.

"மகா, அம்மா நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு பயம். அதான் ஏறல. உன் அப்பாவ இன்னிக்கி பாத்தேன். நீ நேரத்துக்கு துன்றியான்னு கேட்டாரு. நீ சொன்ன பொய்ய நான் காப்பாத்தினு இருக்கேன். நான் சொன்ன பொய்ய நீ மன்னிச்சுடு."

எழுத்து எண்ணிக்கை சரியாக இருந்தது. தள்ளினாள். 'தமிழ் சரியாக வேலை செய்கிறது' என்று அறிக்கையில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஆண்டு நவம்பரில் விளையாட்டு வெளியானது. புகழ்வேந்தன் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தான். கடைசியில் ஓடிய பெயர்ப் பட்டியலில் பதினோரு பேர் பெயரும் வந்தது. பப்ஸைக் கடித்துக்கொண்டே அவன் பொதுவாகச் சொன்னான்: "மொதல்ல விளையாட்றவங்களுக்குத் திருப்பி அனுப்ப சீட்டே இருக்காதேன்னு போலந்துக்காரங்க கவலப்பட்டாங்க. உங்க டெஸ்டர்ங்க எழுதினதையே வெச்சுக்கலாமான்னு கேட்டாங்க. நானும் தாராளமா வெச்சுக்கங்கன்னுட்டேன்."

ஜோஸ்பின் பாதி பப்ஸைக் காகிதத்திலேயே வைத்துவிட்டாள்.

"படிச்சுப் பாத்தியாண்ணா?"

"முந்நூறு சீட்டும்மா. எல்லாம் ஏபிசிடி. இன்னாத்த படிக்கறது?"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு பாக்யராஜ் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். விஷயத்தைக் கேட்டான். கேட்டுவிட்டு வழக்கம்போல் கிண்டல் செய்யவில்லை. "போலந்துல எவன் தமிழ் படிக்கப்போறான்? வுடு" என்றான். பிறகு, "நாளைக்கி எங்கம்மா நெத்திலிக் கொழம்பு வெக்குது. பதினோரு மணிக்குத் தொறக்கமாட்டேன். ஒரு மணி வரைக்கும் வெச்சிருக்கேன்" என்றான். மறுநாள் அவள் ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

டிசம்பர் போனது. பொங்கலுக்கு மகாலட்சுமி ஊருக்கு வரவில்லை என்று காசம்மாள் சொன்னாள். ஜோஸ்பின் கடலூர் பஸ்ஸிலேயே போய் வந்துகொண்டிருந்தாள். அந்த பஸ் கண்டக்டருக்கும் இப்போது அவளைத் தெரிந்திருந்தது.

2024 பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், புது எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"ஏய் ஜோஸ்பின். பாதி கேம் நான்தான டெஸ்ட் பண்ணேன், என் பேரு வருதான்னு பாக்கத்தான் வாங்கினேன். வரல. உங்க எல்லார் பேரும் வருது. சும்மா தமிழ்ல ரெண்டு வரி எழுதி எதிர்வூட்டுக் கதவுல தள்ளினேன். திரும்பி வந்தது உன் சீட்டு. மூணு நாளா அத வெச்சினு ஒக்காந்துருக்கேன். பயமா இருக்குன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, எனக்குந்தான்டின்னு சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் ஒரு டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல போயிருப்போம், லூசு. சனிக்கிழம வரேன். அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடப்போறேன். பாகூர் ஸ்டாண்டுல ஒம்போது மணிக்கு நில்லு. தனியா சொல்ல எனக்கு தைரியம் வரல."